எச்சில்

ஏழாயிரம் லிட்டர் செம்மறிப் பால்
என் முதுகுக்குப் பின்னால் குலுங்குகிறது.
அதில் ஒரு டம்ளர் குடித்தேனென்றால்
மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குள்
லாரியை ஓரங்கட்டிவிட்டு
கார்க் மரத்தின் பின்னால் ஓட வேண்டும்.

ஓரூனேயிலிருந்து மக்கோமேர்வரை
இருபத்திரண்டு பட்டிகள், பதினோரு வருஷம்.
யாரிடமும் சொன்னதில்லை.
மீன் நாற்றம் ஆகாத மீன்காரனைப் பார்த்து
சிரிக்கமாட்டார்களா?
"இந்தா பாக்கிஸியோ, இப்போது கறந்தது"
நுரையோடு நீட்டுவார்கள்.
"வண்டி ஓட்டணும்" என்பேன்,
சாராயத்துக்குச் சொல்வதுபோல.

சுடச்சுட ரிக்கோட்டா என்றால் மட்டும்
கை தானே நீளும்.
தண்டனை அரை மணியில்.

போன மார்ச்சில் நுவோரோ ஆஸ்பத்திரியில்
இனிப்புத் தண்ணீர் கொடுத்து
குழாயில் ஊதச் சொன்னார்கள்,
அரை மணிக்கு ஒரு தரம்,
நாலு மணி நேரம்,
திருவிழாவில் பலூன் விற்கிறவன் மாதிரி.
டாக்டர் காகிதத்தைப் பார்த்தாள்.
கோடு மலையேறியிருந்தது.
"இந்தத் தீவில் பாதிக்குமேல் உங்களைப் போலத்தான்.
ஆடு மேய்க்கிறவர்களும் சேர்த்து."
அப்படியானால் அவர்கள் எப்படி, என்று கேட்பதற்குள்
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

விலை விழுந்த வாரம்
வளைவில் லாரியை மறித்தார்கள்.
மரியாதையாகத்தான். ஒருவன் சிகரெட்கூடக் கொடுத்தான்.
வால்வைத் திறந்தது அந்தியோக்கா.
அவள் பாலும் அதற்குள்தான் இருந்தது.
தார் ரோடு வெள்ளையாகிக்கொண்டே போனது.
ஒரு நாய் நக்கியது, நிறுத்தியது,
தலை தூக்கி எங்களைப் பார்த்தது.
எனக்கு ஆகாத பால்தான்.
ஆனாலும் மிதிக்காமல்
காலை நகர்த்தி நகர்த்தி
பள்ளத்தின் விளிம்புவரை போய்விட்டேன்.

கடைசியில் ஒரு வாளி பிடித்து
என் கையில் தந்தாள்.
"நான்..."
"தெரியும். பாலைப் பார்த்து
வண்டி ஓட்டணும் என்கிறவன்
வேறு யார் இருக்கிறான்?"
கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன ஜாடி.
"எங்கள் வீட்டில் ஒருத்தரும் பச்சையாகக் குடிப்பதில்லை.
காய்ச்சு. ஆற வை.
விரலை விட்டுப் பத்து எண்ண முடிந்தால் இதை ஊற்று."

எட்டிலேயே விரலை எடுத்தேன்.
இன்னும் கொஞ்சம் ஆறட்டும்.
பிரை குத்தி, பழைய ஜாக்கெட்டில் சுற்றி
அடுப்போரம் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடியும்போது உறைந்திருந்தது.
கரண்டி போன இடம்
பள்ளமாகவே நின்றது.
ஜொட்டு என்கிறோம் இதை. தாடை மூலையில்
ஒரு புளிப்பு கிள்ளியது.
கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.
அரை மணி.
ஒரு மணி.
வயிறு, வெயிலில் படுத்த நாயைப் போல,
காதைக்கூட அசைக்கவில்லை.

ராத்திரி முழுக்க என் சமையலறையில்
யாரோ பந்தி விரித்திருக்கிறார்கள்.
கண்ணுக்குத் தெரியாத கூட்டம்.
என்னால் தின்ன முடியாததைத் தின்று
புளிப்பை எனக்கு வைத்திருக்கிறார்கள்.
முழுக்கவும் தின்றுவிடவில்லை;
கரண்டியோடு என் குடலுக்குள்ளும் வந்து
மிச்சத்தையும் முடித்துக் கொடுத்தார்கள்.

சின்ன வயதில்
அண்ணன் கடித்த ஆப்பிளைத் தொடமாட்டேன்.
இப்போது சட்டியை வழித்துக்கொண்டிருக்கிறேன்,
கோடிப் பேர் வாய் வைத்த சட்டியை.

அடியில் இரண்டு கரண்டி
கழுவாமல் விட்டேன்.

திங்கட்கிழமை வண்டி எடுக்க வேண்டும்.
விலை இன்னும் ஏறவில்லை.