இரண்டாவது எடை

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
நூறடி தள்ளி எங்கள் எடைமேடை.
வைக்கோல், எரு, இளநீர், கறிக்கோழி,
எதுவானாலும் இங்கே ஏறித்தான் எல்லை தாண்டும்.
டயர் பிதுங்குவதைப் பார்த்தே டன் கணக்கைச் சொல்வேன்.
டிரைவர்கள் டீக்குப் பந்தயம் கட்டுவார்கள்.
பெரும்பாலும் டீ எனக்குத்தான்.

பங்குனியில் சஷ்டிகா விளையாட்டாய் மேடையேறி நின்றாள்.
முப்பது என்றது பெட்டி.
ஆடியில் நின்றாள். இருபது.
அதற்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்,
நடுவில் போனது நாலு கிலோவா பதினாலா
என்பது அதன் கவலையில்லை.
எனக்கும் இல்லை அன்று. பூச்சி மருந்து கொடு என்றேன்.
பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசையில்
நாலாவதாய் நின்றவள்
முதலாவதாய் வந்திருந்தாள்.
நல்ல இடம் கிடைத்திருக்கிறதென்று நினைத்தேன்.

பாலக்காட்டில் டாக்டர் ரெஞ்சினி குழாய் விட்டுப் பார்த்தார்.
குரோன் என்றார்.
லாரிக் கம்பெனிப் பெயர் மாதிரி இருந்தது.

மலம் வேண்டும், டப்பாவில், ஐஸோடு.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
சோதனைக்கு ஏறிய போலீஸ்காரர்
"எந்தாணு இதில்?" என்றார்.
சொன்னேன்.
அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

ரத்தத்தில் இவ்வளவு, மலத்தில் இவ்வளவு,
குடலில் ஆழமாய்ப் புண்கள்,
உட்காருமிடத்தருகே அவள் யாரிடமும் சொல்லாத ஒரு சிறு ஓட்டை,
உயரம் நின்றுபோன ஒன்றரை வருடம்.
ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டமிட்டார் டாக்டர்.
சில பிள்ளைகளுக்குச் சத்துப் பானம் போதுமாம், கொஞ்சம் மாத்திரையும்.
சிலருக்கு அப்படிக் காத்திருந்தால்
குடல் சுருங்கி, வெட்டவேண்டி வருமாம்.
யார் எந்தப் பக்கம் என்பதை
இப்போதே ஊகிக்கணும்.
"மோசமாகான் சாத்யத கூடுதலாணு."

சாத்யத.
எங்கள் பக்கம் சாத்தியம் என்றால் முடியும் என்று பொருள்.
முடியாது என்று எல்லோரும் சொன்னபிறகு
ஒருவன் எழுந்து சொல்கிற சொல்.
மலையாளம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு,
இருந்தும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

"உறுதியா மேடம்?"
"இல்ல. இவளைப்போல நூறு பேர் வந்தால்
பாதிக்கு மேல் கஷ்டப்படும்.
அதில் இவள் உண்டா என்று இந்தக் காகிதத்துக்குத் தெரியாது."

போன வருடம் கொழிஞ்சாம்பாறை வளைவில்
அச்சு முறிந்து கிடந்தது ஒரு புது வண்டி.
நான் எடை போட்டு அனுப்பியதுதான்.
அளவுக்குள்ளேதான் இருந்தது.
அளவு மீறிச் சுமக்கும் ஒரு கிழட்டு லாரி
இன்னும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறது.

சுகந்தி கேட்டாள்,
சின்ன மருந்தில் தொடங்கிப் பார்க்கலாமேங்க?
கேட்டது நியாயம்.
ஊசி ஒன்றுக்கு என் இரண்டு மாதச் சம்பளம்,
அதற்கும் முன்னால் காசநோய் இல்லையென்று பார்க்கணும்,
சளி காய்ச்சலென்றால் ஓடி வரணும்.
சிவப்பு வட்டங்களைத் திரும்ப எண்ணினேன். ஐந்து.
பெரிய மருந்துக்கே கையெழுத்துப் போட்டேன்.
இது பந்தயமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.
பந்தயம்தான்.
தோற்றால் யாருக்கு யார் டீ வாங்கித் தருவது?

மூன்றாவது ஊசி முடிந்து
பஸ் விட்டிறங்கியதும் மேடைக்கு ஓடினாள்.
முப்பது.
இருபத்தைந்தாய் இருக்கலாம், முப்பத்துநாலாயும் இருக்கலாம்.
டாக்டர் அறையில் சரியான தராசு இருக்கிறது,
அதில் நின்றுவிட்டுத்தான் வருகிறோம்.
அவளுக்கு இதுதான் கணக்கு.
சீட்டு வேண்டுமென்றாள்.
வண்டி எண் கேட்டது கம்ப்யூட்டர்,
பள்ளி ரோல் நம்பரைச் சொன்னாள்.
சரக்கு?
காலையில் தின்ற இரண்டு இட்லி என்றாள்.

அச்சாகி வந்தது.
முதல் எடைக்கு நேரே முப்பது.
இரண்டாவது எடை என்ற கட்டம் காலி.
நாற்பது ரூபாய் கேட்டேன்.
கடன், என்று சொல்லிவிட்டு
வெளியே ஹாரன் அடித்த கோழி வண்டிக்கு
வழிவிட்டு இறங்கினாள்.