ஐந்து கிராம்

கிவிசாரே தீவில் இன்று காற்றே இல்லை.
கலங்கரை விளக்கத்துக்கு இடுப்பு வரைதான் உடம்பு.
கடல் அங்கேதான் இருக்கிறது என்பதற்கு
அழுகும் பாசியின் வாடை ஒன்றே சாட்சி.

கடல்வாத்து எண்ண வேண்டிய ஊர்மாஸ்
தொலைநோக்கியின் மூடியைக் கழற்றினார்,
துடைத்தார், மாட்டினார்,
மறுபடி கழற்றினார்.
எட்டிலிருந்து ஒன்பது மணி வரை: பூஜ்யம்.
அதையும் எழுதத்தான் வேண்டும், பேனாவைக் கொடு என்றார்.

ஜூனிப்பர் புதர்களுக்கு நடுவே
மூன்று வலைகள் மட்டும் விரித்தோம்.
நூலில் நீர் கோத்துக் கண்ணுக்குத் தெரிகிற நாளில்
எந்தப் பறவை ஏமாறும்?

ஒன்று ஏமாந்தது.
பொன்னுச்சிக் குருவி.
லேலோ இரு விரலுக்கிடையே அதன் கழுத்தை ஏந்தி
காலில் வளையம் பூட்டினாள்.
பழைய ஃபிலிம் டப்பாவில் தலைகீழாகச் செருகி
எடை போட்டாள்: 5.1.
ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை,
ராத்திரியில் கடல் தாண்டி வந்திருக்கிறது.

விட்டோம்.

பத்தரைக்கு அதே வலை, அதே மடிப்பு, அதே குருவி.
வளைய எண்ணை உரக்கப் படித்தாள் லேலோ.
பன்னிரண்டுக்கும் அதுவே.
எண்ணை நான் சொல்ல, அவள் சரிபார்த்தாள்.
நாலாம் முறை யாரும் எதுவும் படிக்கவில்லை.
“வாங்க” என்றாள், வீட்டுக்கு வந்தவரைச் சொல்வதுபோல.
அஞ்சாம் முறை தராசு 5.6 காட்டியது.
எங்கள் வலைக்கும் வலைக்கும் இடையில்
சிலந்தி சிலந்தியாய்த் தின்றுகொண்டிருக்கிறது, கள்ளன்.

ராத்திரி பார்லிக் கஞ்சியைக் கிண்டியபடி
ஹில்லர் பட்டியலை வாசித்தார்.
நீள்வால் வாத்து?
“சத்தம் மட்டும். எண்ண முடியாது.”
பொன்னுச்சி?
“ஒன்று.”
“அஞ்சு தடவை பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடினீங்களே?
என் தரையெல்லாம் சேறு!”
“ஒன்று” என்றாள் லேலோ.
ஹில்லர் ஒன்று போட்டார்,
தேவைக்கு மேல் அழுத்தி.

பத்து மணிக்கு வடக்கிலிருந்து காற்று.
பல்துலக்கியோடு வெளியே வந்தோம்.
ஒரே மூச்சில் இவ்வளவு நட்சத்திரங்களா!
இடுப்புக்கு மேலே விளக்குத் திரும்பி வந்திருந்தது.
இருட்டில், மிக உயரத்தில்,
ஸ்ஸீ... ஸ்ஸீ...
பூங்குருவிக் கூட்டம்.
எத்தனை என்று ஊர்மாஸ் விரல் மடக்கப் பார்த்து,
விட்டுவிட்டு,
வாயிலிருந்த நுரையைத் துப்பினார்.

ஜூனிப்பர் பக்கம் யாரும் டார்ச் அடிக்கவில்லை.

உள்ளே, தராசை அணைக்க மறந்திருந்தோம்.
தட்டில் ஒரு தூவி, உச்சியின் மஞ்சள்.
0.0 என்றது தராசு.
லேலோ குனிந்து பார்த்தாள்.
மூச்சை அடக்கிக்கொண்டு
பொத்தானை அமுக்கினாள்.