கயிறு கட்டிய தெரு

பத்தொன்பது வருடம்.
இரவுப் பணி எத்தனை என்று நான் எண்ணியதில்லை.
எண்ணியவர்கள் முன்பே போய்விட்டார்கள்,
தோல் மருத்துவத்துக்கு, சந்தியாகோவுக்கு.

எப்போது தொடங்கியது என்று கேட்கிறார்கள்.
தீப்பிடித்த நாள் தெரிந்திருந்தால்
அணைத்திருக்க மாட்டேனா?
அடுப்பில் மறந்த பால் இது.
பொங்கி, சுண்டி, அடி கருகி
வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடினேன்.

வாசனை வந்தது ஆகஸ்டில் ஒரு வியாழன்.
நான்காம் கட்டில் இறந்துவிட்டதை
மனைவியிடம் சொல்லிக்கொண்டே
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
பசித்தது, அவ்வளவுதான்.
இரண்டரைக்கு கேன்டீன் மூடிவிடும்.
என் கண் போன திசையில்
தன் கண்ணையும் அனுப்பிவிட்டு
"உங்களுக்கு நேரமாகிறதா, டாக்டர்?" என்றாள்.
குத்தலே இல்லை அதில்.
நிஜமாகவே விசாரித்தாள்.

ஆறு வாரம் விடுப்பு.
முதல் வாரம் தூங்கினேன்.
பிறகு அலமாரிகளை ஒழித்தேன்.
"நீ வீட்டில் இருப்பது
பஸ் நிலையத்தில் இருப்பது மாதிரி இருக்கு"
என்றான் ஈவோ.
பதினாறு வயது. சரியாகத்தான் சொன்னான்.
ராஜினாமாக் கடிதம் மூன்றே வரி.
மூன்றிலும் நன்றி இருந்தது,
ஒன்றிலும் நான் இல்லை.

தபாலில் போடக் கிளம்பிய அன்று காற்று.
எங்கள் புந்தா அரேனாஸில்
மரங்கள் முளைக்கும்போதே
கிழக்கே சாய்ந்து முளைக்கும்.
வானொலி எச்சரித்தால் நகராட்சி ஆட்கள் வந்து
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.

கயிற்றில் எனக்கு முன்னால் ஒருவன்.
ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் ரொட்டிப் பை.
ரொட்டியை விடாமல் கயிற்றை விட்டான்.
நான் பிடித்தது முழங்கையைத்தான்.
விரல்கள் தாமாகக் கீழே இறங்கி
மணிக்கட்டில் போய் உட்கார்ந்தன,
இருட்டில் ஸ்விட்சைக் கண்டுபிடிப்பதுபோல.

காற்றின் இரைச்சலில் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை.
விரல்நுனிக்குக் கேட்டது:
இரண்டு அடி, ஒரு இடைவெளி,
மூன்று அவசர அடி,
பிறகு யாரோ யோசிப்பதுபோல ஒரு நிறுத்தம்.

"தலை சுற்றுகிறதா?" என்று கத்தினேன்.
"காற்றுதான்!" என்று கத்தினான்.
"காற்றில்லை!"
ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டு
இரண்டு சண்டைக்காரர்கள்.
பெயர் கேட்டேன்.
காற்று பாதியைப் பிடுங்கிக்கொண்டது.
மறுபடி கேட்டேன். மறுபடி.
எவாரிஸ்தோ மான்சிலியா.
மூன்று தரம் கேட்டு வாங்கிய பெயர்.

டாக்ஸியில் போகும்போது
எழுத வேறு தாள் இல்லை.
நாடித்துடிப்பு, நேரம், அவன் விழுங்கும் மாத்திரைகள்
எல்லாவற்றையும் கடித உறையின் முதுகில் குறித்து
வாசலில் நர்ஸிடம் நீட்டினேன்.
அவள் பிரிக்காமலே கோப்பில் செருகினாள்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது,
அவனுடைய ஈசிஜிக்குப் பின்னால், என் ராஜினாமா.

அவன் பிழைத்ததால் நான் திரும்பவில்லை.
மறுநாளே அனுப்பிவிட்டார்கள்.
என் விரல் இல்லாமலும் பிழைத்திருப்பான்.
அந்த நிறுத்தத்துக்கு அப்புறம் என்ன வரும் என்று
எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.
ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு
எத்தனை வருடம்!

அடுத்தடுத்து இரண்டு இரவு செய்ய மாட்டேன்
என்று எழுதிக் கொடுத்தேன்.
இயக்குநர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.
கெட்ட செய்தி சொல்லும் அறையில்
ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினேன்.
பழைய பதிவேட்டைப் புரட்டி
நான்காம் கட்டிலையும் தேடிவிட்டேன்:
ஓனோஃப்ரே பாரியா, அறுபத்தொன்று.
மனைவியின் தொலைபேசி எண் இருக்கிறது.
இன்னும் அழைக்கவில்லை.

நேற்றிரவும் அந்த அறையில் பேசிக்கொண்டிருந்தபோது
பழக்கத்தில் என் கண் மேலே போனது.
வெளிறிய ஒரு வட்டம்,
நடுவே ஆணி.
கீழே இறங்கி வந்து
எதிரே இருந்த முகத்தைப் பார்த்தது.