பதினேழாம் எண் எலி

கெலுகோரில் மழை. ஆய்வகக் கதவிடுக்கில்
நூருல் அய்ன் கறுப்பு டேப் ஒட்டுகிறாள்;
ஏர்கானின் பச்சைப் பொட்டுக்கும் ஒரு துண்டு.
இப்போது நம்பலாம் இந்த இருட்டை.

வால் சிரையில் வெள்ளி சல்ஃபைடு,
துளிக்குள் கோடிப் புள்ளிகள்.
லேசர்.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
திரையில் மட்டும்
தொடையின் ரத்தக்குழாய்
பாலிக் புலாவ் சாலையாய் வளைந்து ஏறுகிறது.

கல்லீரல் வழக்கம்போல் பாதியை விழுங்கிவிட்டது.
"கட்டி எங்கே?" என்கிறாள்.
நாசி கண்டார் பொட்டலம் வெளியே ஆறிக்கொண்டிருக்கிறது.

நாற்பதாம் நிமிடம்
விலாவோரம் சாம்பல் கறை,
அரிசியளவு.
அப்புறம்
அரிசியளவு வெளிச்சம்.

கத்தவில்லை. என் முழங்கையைக் கிள்ளினாள்,
வலிக்கும்படி.

லேசரை அணைத்தேன்.
ஒளிரத் தெரிந்த எலி
மயக்கம் தெளிந்து
மரத்தூளில் எழுந்து
அதே விலாவைச் சொறிந்துகொண்டது.