பெண்: அறியப்படவில்லை

உடல் நீளம் ஏழரை மில்லிமீட்டர்.
தலை கறுப்பு. கண்களுக்கு நடுவே பழுப்புத் தீற்றல் ஒன்று,
தேநீர்க் கறை மாதிரி.
‘தேநீர்க் கறை மாதிரி’யை அடித்துவிட்டேன்.
இந்த ஆய்விதழில் உவமைக்கு இடமில்லை.

சிறகு நான்கும் குட்டை, பறக்க உதவாதவை.
பனிமேல் நடந்துதான் வந்தான்,
மார்ச் ஒன்பது, காலை பதினொன்றே கால்,
ஹலாஷி ஓடையின் இடது கரை.
பிமுர்ஸாவின் ஜீப்பில் சக்கரச் சங்கிலி அறுந்திராவிட்டால்
நான் அங்கே இறங்கியே இருக்கமாட்டேன்.
அதையும் எழுத வழியில்லை.

ஸ்வானேதியில் அந்தப் பருவத்துக்கு
லமாராவின் வீட்டில் மட்டும்தான் அறை திறந்திருந்தது.
காகிதக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.
“கடிக்குமா?”
கடிக்காது.
“உருளைக்கிழங்குச் செடியைத் தின்னுமா?”
தின்னாது.
“இதற்கா திபிலீசியிலிருந்து பதினோரு மணி நேரம், தாரெஜான்?”
மாவு படிந்த கையோடு சிரித்தாள்.
போகும்போது வாசற்படியில் திரும்பி,
“ஒண்டியாகவா வந்தது?”

இரண்டு வருடமாவது நீருக்குள் இருந்திருப்பான்,
கல்லின் அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு,
தோலை உரித்து உரித்து.
ஓடையில் கொஞ்சம் சாணி கரைந்தாலே மூச்சு முட்டுகிற இனம்.
கல்லோடே வளர்வதால் கல்லீ.
வெளியே வந்தபின் மிச்சம் சில வாரங்கள்.
அதற்குள் முடிக்க ஒரே ஒரு வேலை.

விறகு தணலாகி அமர்ந்தபின் கேட்டது.
வயிற்று நுனியால் கோப்பையின் தரையைத் தட்டுகிறான்.
ஆறு தட்டு. கடைசி இரண்டுக்கு நடுவே சின்னத் தயக்கம்.
பிறகு நிசப்தம்.
நிசப்தமும் செய்தியில் சேர்த்தி:
பெண் இருந்தால் அந்த இடைவெளியில் பதில் வரும்.
ஆறு. நிசப்தம்.
ஆறு. நிசப்தம்.
ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.
நாற்பது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்,
அதுதான் முறை.

அப்புறம், ஏனென்று தெரியாது,
சுட்டுவிரல் நகத்தால் மேசைப் பலகையில் ஒரு தட்டு.

நின்றான்.
உணர்கொம்புகள் திரும்பின.
உடனே, முன்னைவிட வேகமாக, ஆறு.
நான் இரண்டு. அவன் ஆறு.
சுவரோரம் ஓடிவந்து, நின்று, மறுபடி ஆறு.
மூன்று மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.
நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.
அவனுக்குத் தெரிந்திருந்தது.

விடிந்ததும் எண்பது சத ஆல்கஹால்.

ஆண், மூலமாதிரி: ஒன்று.
ஒன்பதாம் வயிற்றுக் கண்டத்தின் அடியில்
தட்டுவதற்கான புடைப்பு, அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம்.
பத்தாம் கண்டத்தின் மேல் கொக்கி; பின்வளைந்தது; நுனி பிளந்தது.
காக்கசஸின் மற்ற இனங்களிலிருந்து இதனால் பிரித்தறியலாம்.
வலது நடுக்கால் இல்லை.
அது என் இடுக்கியின் வேலை.
துணைமாதிரிகள்: இல்லை.
நீர்ப்பருவம்: அறியப்படவில்லை.
பெண்: அறியப்படவில்லை.
பெயர்க்காரணம்: ஓடையின் பெயர்.
லமாரா தன் பசுவின் பெயரைச் சிபாரிசு செய்திருந்தாள்.
யோசித்தேன், ஒரு மாலைப்பொழுது முழுக்க.

அடுத்த மார்ச்சில் மூன்று பேர் போனோம்.
அதற்கடுத்த மார்ச்சில் நானும் பிமுர்ஸாவும்.
புரட்டாத கல் இல்லை, புரட்டியதைப் பழையபடி வைக்காமலும் இல்லை.
மேலே எங்கோ குழாய் பதித்திருக்கிறார்கள்,
பாதித் தண்ணீர்தான் வருகிறது.
வேறு கல்லீக்கள் கிடைத்தன. எல்லாம் பெயர் உள்ளவை.

நேற்று மதிப்பீட்டாளரின் குறிப்புகள் வந்தன.
அட்டவணையில் ஒரு திருத்தம், அளவுகோல் கோடு விடுபட்ட படம்,
கடைசியாக, ஏழாவது:
‘இணைத்துள்ள ஒலிப்பதிவில்
நாற்பத்தோராம் நிமிடத்திலிருந்து
இரண்டாவது ஒன்று பதில் தருவது தெளிவாகக் கேட்கிறது.
பெண் உடனிருந்ததென்றால்
ஆசிரியர் ஏன் அதை விவரிக்கவில்லை?’

ஆறு குறிப்புகளுக்குப் பதில் எழுதியாயிற்று.
ஏழாவதை எழுத உட்கார்ந்தவள்
மேசைமேல் என் நகம் செய்துகொண்டிருப்பதை
இப்போதுதான் கவனிக்கிறேன்.