புள்ளி

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள்.
நான்கு மொழி. நம்முடையது நான்காவது,
எழுத்தும் கொஞ்சம் பொடி.
கடைசிப் பேருந்தைப் பணிமனையில் விட்டு
இரண்டே கால் மணிக்கு வீடு திரும்புகிறவனுக்கு
வாசிக்க நேரமிருந்தது.
லிஃப்ட் பன்னிரண்டாம் மாடியில்
யாருக்காகவோ நின்றுகொண்டிருந்தது.

இல்ல மேம்பாட்டுத் திட்டம்.
வாக்கெடுப்பில் எண்பத்தெட்டு விழுக்காடு சம்மதம்.
கழிவறை இரண்டையும் உடைத்துப் புதிதாகக் கட்டுவார்கள்,
கூரையில் உரியும் காரையைச் சுரண்டிப் பூசுவார்கள்,
வீட்டுக்குப் பத்து நாள்.
கணினி எங்கோ கைநழுவவிட்டதில்
தமிழில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.
'தணணீர நிறுததபபடும' என்றிருந்தது.
தண்ணீருக்கே திக்குவாய்.

பழுதுப் படிவம் எழுதுகிற பேனா
சட்டைப் பையில் இருந்தது. வைத்தேன்.
தண்ணீருக்கு இரண்டு, நிறுத்துவதற்கு மூன்று.
கடைசி வரியில் பொறுத்தருளச் சொல்லியிருந்தார்கள்,
அதற்கும் வைத்தேன்.
லிஃப்ட் வந்தது.
நகர மன்றச் சொத்தில் கிறுக்கினால் அபராதமா
என்று ஏழாம் மாடி தாண்டும்போதுதான் உறைத்தது.

மறுநாள் இரவு
மிச்சப் புள்ளிகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன.
என்னுடையவை நீலம்.
இவை பென்சில், தடித்து, சற்றே சதுரமாய்.
தூக்கக் கலக்கத்தில் நான்
'பொறுத்தருள்வும்' என்று ஆக்கியிருந்ததை
ஒரு சின்னக் கோடு திருத்தியிருந்தது.
வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

இந்த புளோக்கில் நாம் ஐந்து வீடு.
ஒன்பதாம் மாடி இளம்பரிதி கையால் எழுதி
யாரும் பார்த்ததில்லை.
பாலர் பள்ளி ஸ்டெல்லாமேரி என்றால்
சிவப்பு மையாக இருந்திருக்கும்.
ஒரு வாரம் லிஃப்டில்
எல்லார் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் முறை.
பகலில் தூங்குகிறவன் தலைமாட்டில் சம்மட்டி.
மேல்வீட்டுத் திருமதி கோ
தன் சாவியைக் கையில் திணித்தார்,
"என்னுது புதுசு, போ போ" என்று மலாயில்.
துண்டும் சோப்புமாக நான் படியேற,
வாளியோடு இறங்கிவந்தார் பக்கத்து வீட்டு நோரைனி.
பதினைந்து வருடத்தில் அன்றுதான்
அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான்காம் நாள்
சத்தம் நின்றதால் விழித்துக்கொண்டேன்.
ஓடு பதிக்கிறவன் குந்தி உட்கார்ந்திருந்தான்.
பேர் மதியழகன், ஊர் கந்தர்வகோட்டைப் பக்கம்.
காதில் செருகிய தட்டைப் பென்சிலை எடுத்து
துளை போடவேண்டிய இடத்தில்
ஓட்டின்மேல் ஒரு புள்ளி வைத்தான்.
தடித்து. சற்றே சதுரமாய்.

கேட்கவில்லை.
மைலோ கலக்கிக் கொடுத்தேன்.
"அண்ணே, மூலக்கல்லு மட்டும் நாளைக்கு" என்றான்.
ஆறு மணிக்கு லாரி வந்தது
துவாஸ் விடுதிக்கு.

அன்றிரவு வேலைக்குப் போகுமுன்
அறிவிப்பை மேலிருந்து மறுபடி வாசித்தேன்.
'குடியிருப்பாளர்களுக்கு' என்று தொடங்குகிறது அது.
அந்தச் சொல்லுக்கு மூன்று புள்ளி.
மூன்றும் அவன் வைத்தவை.

இப்போது வேறு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்,
பேருந்து நிறுத்தம் வரை கூரையிட்ட நடைபாதை.
எழுத்தெல்லாம் ஒழுங்காக இருக்கிறது.
பேனாவை எடுத்தேன்,
திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

கழிவறைக் கதவுக்குப் பின்னால்
துளை போட மறந்துபோன ஒரு புள்ளி.
துண்டு மாட்டக் கொக்கி வேண்டும் என்று
தமயந்தி இரண்டு வாரமாகச் சொல்கிறாள்.
நேற்று அடித்துக் கொடுத்தேன்,
இரண்டு அங்குலம் தள்ளி.
"கோணலா இருக்கே" என்கிறாள்.
இருக்கட்டும் என்றேன்.