புள்ளி நான்கு குழந்தை

உலான்பத்தார். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
நிமோனியா ஊசிக் கோப்பில்
மூன்றாம் முறையாகக் கடைசி வரிசைக்கு வந்திருக்கிறேன்.

இரண்டு வயதுக்குள்: மலிவு. பச்சை.
ஐந்து வயதுக்குள்: மலிவுதான், கொஞ்சம் வெளிறிய பச்சை.
நடுவயது: யாரும் கேட்கவில்லை.
அறுபத்தைந்துக்கு மேல்:
ஒரு நல்ல ஆண்டை வாங்க ஆகும் துக்ரிக்
கட்டத்துக்குள் அடங்காமல்
வேலிக்குறிகளாக நிற்கிறது.
பத்தியை அகலப்படுத்தினேன். எண் தெரிந்தது.
தெரியாமலே இருந்திருக்கலாம்.

தள்ளுபடி மூன்று சதவீதம்.
குழந்தைக்கு எழுபது ஆண்டு எழுதினால்
இருபத்தொன்பது கையில் தங்கும்.
முதியவருக்கு ஒன்பது எழுதினால் ஏழே முக்கால்.
"பாருங்கள், அவர்களுக்குக் கழிவு குறைவு"
என்கிறார் பூரெவ்ஜாவ்,
ஏதோ சலுகை கொடுத்தவர் மாதிரி.

அவருடைய நியாயமெல்லாம் ஒற்றைக் கட்டத்தில் நிற்கிறது:
மறைமுகப் பயன்.
தொடையில் இறங்கும் ஊசி
பிஞ்சு மூக்கிலிருந்து கிருமியைக் கிளப்பிவிடும்.
அந்த மூக்கை
எந்தத் தாத்தாவின் காலரில் துடைத்தாலும் பரவாயில்லை.
ஒரு வீறிடலின் விலையில் இருவர் மூச்சு.
இதைவிடச் சிக்கனமான அழுகை
எந்தச் சந்தையிலும் கிடையாது.
உண்மைதான். நானே சரிபார்த்தேன்.

ஆனால் அந்தக் கட்டம் நம்புகிறது,
ஒவ்வொரு முதியவரும்
நாளொன்றுக்குப் புள்ளி நான்கு குழந்தையைத் தூக்குகிறார் என்று.

கீழே காவலறையில் தம்தின்சுரேன். அறுபத்தெட்டு.
முப்பது வருடம் அனல் நிலையத்தில் கரி வாரியவர்.
மகள் கொரியாவில்.
பேத்தி தினமும் எட்டு மணிக்கு வருகிறாள், போன் திரையில்.
திரைக்கு மூக்கு ஒழுகாது.
அவருக்கு ஏதாவது தொற்றினால்
ஷிப்டு மாறும் நாலு கிழவர்கள்
ஜன்னலைத் துணியால் அடைத்துக்கொண்டு
உப்புத் தேநீர் ஆற்றும் அந்த அறையிலிருந்துதான் தொற்றும்.
பச்சைக் கட்டத்தின் தயவு
நான்கு மாடி இறங்காது.

புது வரிசை ஒன்று சேர்த்தேன்:
அறுபத்தைந்துக்கு மேல், குழந்தை அண்டாதவர்.
புகையையும் சேர்த்தேன். இருமலைச் சேர்த்தேன்.
எண் பாதியாகச் சரிந்தது.
கோட்டுக்கு மேலேதான் இன்னும்.
அளந்து போடு என்கிறார்கள்.
அளந்துவிட்டேன்,
போட யாருமில்லை.

எனக்கு நாற்பத்து மூன்று. யாரும் கேட்காத வரிசை.
போன மாதம் தனியார் கிளினிக்கில்
என் காசில் போட்டுக்கொண்டேன்.
ரசீது கைப்பையில் இருக்கிறது.
அது எந்தப் பத்தியிலும் ஏறாது.

பத்தரை மணி.
தம்தின்சுரேன் சாவியோடு எழுந்தார்,
முகத்தைத் திருப்பி இருமினார்,
"புகை" என்றார், நான் எதுவும் கேட்காமலே.
"முடிந்ததா, செவெல்மா?"
"வரிசைகள் கூடிவிட்டன."

குளிர் உள்ளே வந்துவிடுமென்று
கதவைப் பாதிதான் திறந்தார்.
ஒருக்களித்து வெளியேறினேன்.